எழுபத்தொன்று

வீலென்று ஒரு சத்தம்.

மூன்றாம் நடைமேடையில் நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஹாரன் இல்லை. ஆம்புலன்ஸும் இல்லை. டைம் கீப்பர் வசுமதியின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டை கத்திக்கொண்டிருந்தது.

ஆறு வருடமாக அந்தப் பட்டை அவள் கையில் இருக்கிறது. ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்லை. அதற்குக் குரல் உண்டு என்பதே அவளுக்கு நினைவில்லை. இப்போது பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிற ரேடியோப் பெண்ணைப் போல இனிமையாகப் பேசியது.

“அருகில் இருப்பவர்கள் கவனத்திற்கு. இவர் வலிப்பு நோய்ப் பதிவில் உள்ளவர். இவருடைய ரத்த அளவு எழுபத்தொன்று. அனுமதிக்கப்பட்ட அளவு அறுபது. இவர் சொல்லும் தகவலைச் சரிபார்த்துக்கொள்ளவும். நன்றி.”

மூன்று முறை சொன்னது. வசுமதி வலது உள்ளங்கையால் அதைப் பொத்திப் பார்த்தாள். கைக்குள்ளிருந்தும் தெளிவாகத்தான் கேட்டது.

ஒரு பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிவந்தார். “இரும்பு, இரும்பு! கையில புடிம்மா!”

“எனக்கு ஒண்ணும் வரலைங்கய்யா. பட்டைதான் கத்துது.”

“பட்டைக்கா வலிப்பு?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

அதற்கு அரை நிமிடம் முன்புதான் ஒரு பெண்ணிடம், “நத்தம் வண்டி ஒன்பது இருபது, அஞ்சாவது மேடை, பின்னாடி கதவுல ஏறுங்க, முன்னாடி இடம் இருக்காது” என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண் நாலு எட்டு நடந்துவிட்டு நின்றாள். பையிலிருந்து செல்போனை எடுத்து நத்தம் வண்டியின் நேரத்தைத் தேட ஆரம்பித்தாள்.

அந்தப் பஸ் நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினாலு தனியார் வண்டிகள் கிளம்புகின்றன. வசுமதி எந்தப் பலகையையும் பார்க்கமாட்டாள். ஊர்ப் பெயரைச் சொன்னால் நேரம், மேடை, டிரைவர் பெயர், அவர் இன்றைக்கு என்ன மனநிலையில் வண்டி ஓட்டுவார் என்பதுவரை ஒரே மூச்சில் வரும். கரூர் வண்டி டிரைவர் முத்துராக்கு சொல்வான்: “வசுக்கா மண்டைய எக்ஸ்ரே எடுத்தா உள்ள டைம் டேபிள்தான் தெரியும்.”

அன்றைக்கு முத்துராக்கு சிரிக்கவில்லை. “என்னக்கா இது?” என்று மெதுவாகக் கேட்டான்.

“மெஷின் தப்பா இருக்கும்ப்பா.”

அவன் தலையாட்டினான். பிறகு, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தன் வண்டியின் நேரத்தைச் செல்போனில் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

*

டாக்டர் அருள்ஜோதி பதினோரு வருடமாக வசுமதிக்கு மருந்து எழுதுகிறவர். நரம்பு நல மையத்தில் அவருடைய அறைக்கு வெளியேதான் எப்போதும் நீளமான வரிசை. சத்தம் போட்டுப் பேசமாட்டார். நோயாளியின் குழந்தை எந்த வகுப்பு என்று மறக்காமல் கேட்பார்.

“நித்திலா நாலாவதுதானே? உட்காரு வசு. தண்ணி குடி.”

வசுமதி தண்ணீர் குடிக்கவில்லை. “போன தடவை ரத்தம் எடுத்தப்ப இருபத்திரண்டு டாக்டர். அதுக்கு முந்தி இருபத்திநாலு. ஆறே மாசத்துல எப்படி எழுபத்தொண்ணு?”

“நரம்புக்குள்ள நூல் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது நைஞ்சா, அதுல இருக்கிற புரதம் ரத்தத்துல கசியும். கொஞ்சம் கசிஞ்சா பரவாயில்ல, எல்லாருக்கும் கசியும். நிறையக் கசிஞ்சா மூளை தேயுதுன்னு அர்த்தம். வலிப்பு இருக்கிறவங்களுக்கு வேகமாத் தேயலாம். அதைத்தான் இந்த டெஸ்ட் பாக்குது.”

“எனக்கு வலிப்பு வந்தே நாலு வருஷம் ஆச்சே.”

“வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயும் வரும்.”

“எனக்கு எதுவும் மறக்கலையே டாக்டர்!”

அருள்ஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மறந்துபோனது எப்படிம்மா ஞாபகத்துல இருக்கும்?”

வசுமதி இப்போது தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

விதிகளை டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுபதைத் தாண்டினால் மறு ரத்தம் எடுக்கலாம், அதே மையத்தில். அதுவும் தாண்டினால் பதினைந்து நாளைக்குள் வலிப்பு நோய்ப் பதிவகத்தில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் பட்டை மறுபடி ஊமையாகும். தேறாவிட்டால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை அவளோடு தனியாக இருக்கக்கூடாது.

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“நானும் அவளும்தான். உங்களுக்குத்தான் தெரியுமே, போன மாசம் தீர்ப்பு வந்துருச்சு.”

“அப்ப நித்திலா அவங்க அப்பாகிட்டப் போகணும்.” அருள்ஜோதி மேசை இழுப்பறையைத் திறந்தார். “இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருவோம். நர்ஸ் வேணாம். நானே எடுக்கறேன். உனக்கு ஊசின்னா பயம்.”

வலிக்காமல் எடுத்தார். வசுமதி நன்றி சொன்னாள். மூன்றாம் நாள் பட்டை சொன்னது: எழுபத்திரண்டு.

*

அன்றையிலிருந்து வசுமதி தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தாள்.

அடுப்பில் பால் பொங்கியது. முன்பெல்லாம் பொங்கினால் துடைத்துவிட்டுப் போவாள். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளை அவசரத்தில் “ஏய் சுகந்தி” என்று தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். உலகத்தில் எந்த அம்மாவும் செய்கிற தப்பு. ஆனால் எந்த அம்மாவின் கையிலும் எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கவில்லை.

காலையில் எழுந்ததும் இருநூற்றுப் பதினாலு வண்டிகளையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். ஒன்றுகூட விடுபடாது. அப்படியும் நிம்மதி வராது. இருநூற்றுப் பதினைந்தாவது என்று ஒரு வண்டி இருந்து, அதைத்தான் நான் மறந்துவிட்டேனோ?

நித்திலா வீட்டுப்பாடத்தோடு வந்தாள்.

“அம்மா, ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தாறு.”

நித்திலா பென்சிலை நோட்டில் வைத்தாள், எடுத்தாள். பிறகு பள்ளிக்கூடம் கொடுத்த பலகைக் கணினியைத் திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு எதையோ தட்டினாள்.

“என்னடி பண்ற?”

“ஒண்ணுமில்லம்மா.”

“அம்பத்தாறுதானே?”

“ஆமாம்மா. அம்பத்தாறுதான்.” குழந்தையின் முகத்தில் நிஜமான சந்தோஷம். “கரெக்டா சொல்லிட்டம்மா நீ!”

வசுமதி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டதும், “அம்மா, குழாய மூட மறந்துட்டியா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

*

பதிவகத்தில் வாய்மொழித் தேர்வு பத்து மணிக்கு. வசுமதி ஒன்பதுக்கே வந்துவிட்டாள். ஒன்பதே முக்காலுக்கு இளஞ்செழியன் வந்தான். பத்து வருடம் புருஷனாக இருந்தவன். குழந்தையை ஏற்றுக்கொள்ளப் போகிறவன் என்ற முறையில் அவனும் இருக்க வேண்டும் என்பது விதி.

“நான் கேக்கல வசு,” என்றான் உட்காரும்போதே. “அவங்களாதான் லெட்டர் போட்டாங்க. எனக்குமே இப்ப வீட்டுல கொஞ்சம் சங்கடம்தான். இப்ப கூட இருக்கறவ வேற முழுகாம இருக்கா.”

“அப்ப வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க.”

“வேணாம்னா பாப்பா ஹோமுக்குப் போயிருவாளாம்ல?”

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போடவாவது ஆள் கிடைத்திருக்கும்.

தேர்வு அலுவலர் தணிகாசலம் தொண்டைக்கு ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பினார். முப்பது கேள்வி. ஒவ்வொரு பதிலும் மூன்று வினாடிக்குள் தொடங்க வேண்டும். நேரம் பார்ப்பது இயந்திரம். அவர் வாசிப்பார், அவ்வளவுதான்.

“பயப்படாதீங்கம்மா. சின்னப் பசங்களே சொல்லிருவாங்க. முதல் கேள்வி. உங்க முழுப் பேரைத் தலைப்பெழுத்தோட சொல்லுங்க.”

வசுமதி வாயைத் திறந்தாள்.

பிறந்ததிலிருந்து அவள் கோ. வசுமதி. அப்பா கோதண்டம். கல்யாணமான மறுமாதம் ரேஷன் கார்டுக்காக இ. வசுமதி ஆனாள். வங்கியில் இ. பஸ் உரிமையாளர் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் யாரும் மாற்றாததால் கோ. நித்திலாவின் பள்ளியில் இ. போன மாதம் தீர்ப்பு வந்ததும் வக்கீல், “இனிமே அப்பா இனிஷியலுக்கே போயிருங்க” என்று ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அது எந்த மேசையில் இருக்கிறதோ. இந்தப் பதிவகத்தில் அவள் யார்? தப்பான எழுத்தைச் சொன்னால் சொந்தப் பெயரே தெரியவில்லை என்று எழுதிவிடுவார்களே?

“உங்க பதிவுல என்ன சார் போட்டிருக்கு?” என்று கேட்டாள். “கோவா, இயா?”

திரை சின்னதாக ஒரு மணியடித்தது.

தணிகாசலம் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “கேள்விய நான்தாம்மா கேக்கணும். அடுத்தது. இன்னைக்கு என்ன தேதி?”

அதற்குப் பிறகு வசுமதி தவறவே இல்லை. தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வருவது, எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. ஒட்டகம், ஊசி, வாழை, கிணறு, செவ்வாய் என்று ஐந்து சொல்லைக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். அவள் நேராகச் சொன்னாள். கேட்காமலே தலைகீழாகவும் சொன்னாள். இளஞ்செழியன்கூடக் கொஞ்சம் பெருமையாகப் பார்த்தான்.

தணிகாசலம் திரையை வாசித்தார். “முப்பதுக்கு இருபத்தொன்பது.”

வசுமதி எழுந்து நின்று கும்பிட்டாள். “ரொம்ப நன்றி சார்.”

“இருங்கம்மா. அந்த ஒண்ணு முதல் கேள்வி. தன்னைத் தானே அறியற கேள்வி அது. அதுல போனா மிச்சம் இருபத்தொன்பதையும் எண்ணக்கூடாதுன்னு விதி.”

“சார், எனக்குப் பேரு தெரியாம இல்ல! ரெண்டு இனிஷியல் சார். பொம்பளைங்க எல்லாருக்கும் ரெண்டு இருக்கும் சார். எது உங்க ஃபைல்ல இருக்குன்னுதான் யோசிச்சேன்.”

“யோசிக்கிற கேள்வி இல்லையேம்மா அது.”

“சரி, இவரையே கேளுங்க. பத்து வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவரு. இப்ப என் இனிஷியல் என்னன்னு இவரு சொல்லட்டும்.”

தணிகாசலத்துக்கும் கேட்டுப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இளஞ்செழியன் பக்கம் திரும்பினார்.

இளஞ்செழியன் தலையைச் சொறிந்தான். “அது வந்து சார்... டைவர்ஸ் ஆயிருச்சுல்ல... அப்ப கோவா இருக்கணும். ஆனா பாப்பா சர்டிபிகேட்ல இன்னும்... சரியாத் தெரியல சார்.”

“பதினோரு செகண்டு,” என்றாள் வசுமதி. “இவருக்கு யாரு சார் டைம் பாக்கறது?”

தணிகாசலம் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், அவள் சொன்னதில் இருந்த நியாயம் அவருக்கும் உறைத்தது. “இவருக்கு வலிப்பு இல்லையேம்மா,” என்றபடி பொத்தானை அழுத்தினார்.

*

அன்று முதல் பட்டைக்கு இன்னொரு பழக்கம் வந்தது. வசுமதி குரலை உயர்த்தினால் போதும், அந்த இனிமையான குரலும் கூடவே எழுந்துகொள்ளும். டைம் கீப்பர் வேலை என்பதே குரலை உயர்த்துவதுதான். “பழனி, பழனி, எடுப்பா நேரமாச்சு!” என்று அவள் கத்தினால், “இவர் சொல்லும் தகவலைச் சரிபார்த்துக்கொள்ளவும், நன்றி” என்று அது முடித்து வைத்தது. ஜனங்களுக்கு இரண்டு நாள் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் சங்கத்துச் செயலாளர், “மாசக் கடைசி வரைக்கும் இரு. ஆள் பாத்துட்டிருக்கோம்” என்றார்.

சனிக்கிழமை நித்திலாவை அழைத்துப்போக இளஞ்செழியன் வந்தான். கரூர் வண்டி. முத்துராக்குவின் வண்டி.

வசுமதி மகளை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வேண்டுமென்றே தள்ளிப்போட்ட வேலை அது. ஒரு சடை முடிந்தது. இன்னொன்று பாக்கி.

“அம்மா, அங்க போனா நீ என்னைய மறந்துருவியா?”

“மறக்கவே மாட்டேன்டா தங்கம்.”

நித்திலா முன் சீட்டில் இருந்த அப்பாவை எட்டிப் பார்த்தாள். அப்பா தலையாட்டினான். அதற்கப்புறம்தான் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

சரிபார்த்துக்கொண்டாள்.

முத்துராக்கு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஒரு வாரம் லீவு, மகனுக்குக் காதுகுத்து. இன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். “வசுக்கா, இறங்குங்க. டைம் ஆச்சு.”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு முத்து. பதினொண்ணு பன்னெண்டு.”

“பதினொண்ணு பத்துக்கா.”

“திங்கக்கிழமையில இருந்து மாத்திட்டாங்கப்பா. வேடசந்தூர் வண்டி முன்னாடி போகுதுன்னு ரெண்டு நிமிஷம் தள்ளி வச்சிருக்காங்க. நீ லீவுல இருந்த.”

முத்துராக்கு செல்போனைப் பார்த்தான். சங்கத்துச் செயலியில் இன்னும் பழைய நேரம்தான் இருந்தது. அதைப் புதுப்பிக்கிறவர் திங்கட்கிழமைதான் வருவார். இதுவும் வசுமதிக்குத் தெரியும். சொன்னாள்.

“அக்கா,” முத்துராக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கு. அதனால பன்னெண்டுன்னு தோணுது.”

“தோணல முத்து! பன்னெண்டுதான்! யாரைவேணா கேளு!”

குரல் உயர்ந்துவிட்டது. “இவர் சொல்லும் தகவலைச் சரிபார்த்துக்கொள்ளவும்” என்றது பட்டை. வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் செல்போனைப் பார்த்தார்கள். “பத்துதான் போட்டிருக்கு.” “ஆமா, பத்து.” “இறங்கும்மா, வெயில்ல எத்தன நேரம் உட்கார்றது?”

இளஞ்செழியன் எழுந்து வந்து அவள் கையிலிருந்து சீப்பை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

அவள் இறங்கினாள். வண்டி பதினொன்று பத்துக்குக் கிளம்பியது. ஜன்னல் வழியே ஒரு பக்கம் சடையும் மறுபக்கம் விரித்த முடியுமாக நித்திலாவின் தலை தெரிந்தது. வண்டி வாசலைத் தாண்டும்போது வேடசந்தூர் வண்டி குறுக்கே வர, முத்துராக்கு பிரேக் போட்டு ஹாரன் அடித்தான். பதினொன்று பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கி கரகரத்து, “கரூர் வண்டி புறப்படும் நேரம்” என்றது.

மூன்றாம் மேடையில் நின்றிருந்த பூக்காரம்மா அதைக் கேட்டாள். “அடடா,” என்றாள், “நீ சொன்னது சரிதான் போலயே.”

*

அடுத்த புதன்கிழமை மத்தியானம், மாத்திரைச் சீட்டு புதுப்பிக்க, வசுமதி நரம்பு நல மையத்துக்குப் போனாள். வரிசை இல்லை. சாப்பாட்டு நேரம்.

“வா வசு. நித்திலா போன் பண்ணாளா?” அருள்ஜோதி சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “அதே மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு. சாப்பிட்டதும் உடனே படுக்காம...”

நின்றுவிட்டார்.

வசுமதி காத்திருந்தாள். ஏதோ யோசிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் கண்களைப் பார்த்தாள். அவை சுவரில் ஓர் இடத்தில் குத்திட்டு நின்றன. உதடுகள் எதையோ மெல்வதுபோல அசைந்தன. இடது கை ஸ்டெதஸ்கோப்பின் குழாயைப் பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது.

பார்த்தவர்கள் சொல்லித்தான் வசுமதிக்குத் தன் நோயே தெரியும். இருபது வருடம் முன்பு கல்லூரி விடுதியில் அவள் தோழி நடித்துக் காட்டியது அச்சாக இதைத்தான். அவள் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. தொழில் பழக்கம்.

“...கொஞ்சம் நடக்கணும். சரியா?” என்று அருள்ஜோதி எழுத ஆரம்பித்தார்.

“நாப்பத்திரண்டு செகண்டு டாக்டர்,” என்றாள் வசுமதி.

பேனா நின்றது. அருள்ஜோதி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் பயமில்லை. களைப்புதான் இருந்தது.

“பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே இருக்கு,” என்றார். “நீ சாப்பிடற அதே மாத்திரை.”

“உங்க கையில பட்டையே இல்லையே?”

“டாக்டருங்களுக்கு வலிப்புன்னு வெளிய தெரியக்கூடாதும்மா. நோயாளிங்க பயந்துருவாங்கன்னு விட்டுட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் மட்டும் குடுக்கணும். அறுபது தாண்டினா லைசென்ஸ் போயிரும்.”

“உங்களுக்கு எவ்வளவு?”

அவர் குனிந்து சீட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதினார். நர்ஸ் வேணாம், நானே எடுக்கறேன் என்று அன்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வசுமதியின் மண்டைக்குள் இருநூற்றுப் பதினாலு வண்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

“எழுபத்தொண்ணு உங்களோடது,” என்றாள். “ரெண்டாவது தடவை எடுத்ததும்.”

“சும்மா யாரோட ரத்தத்தையும் மாத்தி வைக்க முடியாது வசு. அதுல மாத்திரை இருக்கான்னும் மெஷின் பாக்கும். அதே மாத்திரை, அதே ரத்த வகை. அப்படி ரெண்டு பேர் இருந்தாத்தான் பாட்டில் மாத்த முடியும்.”

“உங்களுக்குத்தான் மூளை தேயுது. அதுக்கு என் புள்ளைய...”

“யாருக்குத் தேயுது?” முதல்முறையாக அருள்ஜோதியின் குரலில் சூடு ஏறியது. “அந்த எழுபத்தொண்ணோட இந்த மாசம் மட்டும் அறுநூறு பேரைப் பாத்திருக்கேன். ஒருத்தருக்கு மருந்து மாறிப்போகல. ஆயிரம் பேரை வரிசையா நிக்க வச்சா அந்தக் கணக்கு சரிதான். அளவு கூடக்கூட மங்கறவங்களும் அதிகமாத்தான் இருப்பாங்க. ஒரே ஒரு ஆளை நிக்க வச்சு, நீ மங்கிட்டேன்னு சொல்ல அதுக்கு வாயில்ல. எனக்குத் தெரியாதா? அறுபதுன்னு கோடு போட்ட கமிட்டியில நானும் இருந்தேன்.”

“தெரிஞ்சுமா போட்டீங்க?”

“அப்ப என் ரத்த அளவு நாப்பத்தெட்டு,” என்றார் டாக்டர்.

வசுமதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள். வெளியே நர்ஸ் ஒருத்தி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“சிஸ்டர், இங்க வாங்க! டாக்டருக்கு வலிப்பு இருக்கு! என் ரத்தத்தைத் தன் பேருல வச்சிருக்காங்க! என்கிட்ட ஒத்துக்கிட்டாங்க சிஸ்டர், இப்பதான் ஒத்துக்கிட்டாங்க!”

“அருகில் இருப்பவர்கள் கவனத்திற்கு,” என்றது மணிக்கட்டிலிருந்து அந்த இனிமையான குரல். “இவர் சொல்லும் தகவலைச் சரிபார்த்துக்கொள்ளவும். நன்றி.”

நர்ஸ் சரிபார்த்தாள். வசுமதியின் தோளுக்கு மேலே அருள்ஜோதியைப் பார்த்தாள். அருள்ஜோதி கண்ணை மூடித் திறந்து, ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

“பாவம்,” என்றாள் நர்ஸ். “புள்ளையப் பிரிஞ்சதுல இப்படி ஆயிட்டாங்க போல.” கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

அறைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்து மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார். அடுத்த பரிசோதனைக்கான தேதியும் அதில் எழுதியிருந்தது.

வசுமதி அதை எடுக்கவில்லை. கத்தக்கூடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டை விழித்துக்கொள்ளாத அளவுக்குக் குரலை இறக்கிக்கொண்டு, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோலக் கேட்டாள்.

“இந்த மாத்திரை சாப்பிடறவங்க உங்ககிட்ட முந்நூறு பேராச்சும் இருப்பாங்க. அத்தனை பேர்ல ஏன் டாக்டர் நான்?”

அருள்ஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடமாகப் பார்க்கிற அதே அன்பான பார்வை.

“எல்லாரையும்விட உன் மூளைதான் வசு தெளிவா இருந்துச்சு.”